வானம் பார்த்த பூமியின் நாவும் பிரெஞ்சின் ஒலிகளும்

பிரெஞ்சு மொழியைக் கற்கத் தொடங்கும் வெளிநாட்டவரை இலக்கணத்தைவிட உச்சரிப்பே அதிகம் மலைக்க வைக்கிறது. எழுதியிருப்பதில் ஒரு பகுதி ஒலிக்காமலே போகிறது. ஒலிப்பதில் ஒரு பகுதி எழுத்தைப் பார்த்தால் தெரிவதில்லை. இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வந்தால் எங்கிருந்தோ ஒரு மெய் இடையில் முளைக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற வானம் பார்த்த பூமியில் பிறந்து, கரிசல் காட்டுப் பேச்சிலேயே வளர்ந்த ஒருவர் இம்மொழியை எடுத்துப் படிக்கும்போது, தம் நாக்கே இதற்கு வளையாது என்ற முடிவுக்கு விரைவில் வந்துவிடுகிறார். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. இவ்வட்டாரத்தின் பேச்சுத் தமிழில் பிரெஞ்சுக்கு வேண்டிய ஒலிப்பழக்கங்கள் பல முன்பே அமைந்திருக்கின்றன. அவற்றை வெளியே வரவிடாமல் தடுப்பது, பிரெஞ்சை ஆங்கில எழுத்தின் வழியாகக் கண்ணால் படிக்கும் முறையே ஆகும்.

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளில் முதற்பகுதி மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சைத் தேர்ந்துகொள்ள வழி உண்டு. அந்தப் பாடம் முக்கியமாக எழுத்துத் தேர்வை நோக்கியே நடத்தப்படுவதால், மாணவர் வினைச்சொல் வாய்பாடுகளைப் பிழையின்றி எழுதக் கற்கிறாரே தவிர, அவற்றைக் காதால் கேட்டுப் பிரித்தறியும் பயிற்சி அவருக்குக் கிட்டுவதில்லை. பின்னாளில் கனடாவுக்குக் குடிபெயரவோ பிரான்சில் மேற்படிப்புப் படிக்கவோ விரும்பி, பேச்சுத் திறனையும் சோதிக்கும் தேர்வுகளுக்கு அவர் அமரும்போதுதான் கற்றது வேறு, கேட்பது வேறு என்பது தெரியவருகிறது. புத்தகத்தில் ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லின் மேலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்குகிறது. கேக்கைக் குறிக்கும் சொல்லும் பரிசைக் குறிக்கும் சொல்லும் பிரெஞ்சில் தெளிவாக வேறுபட்டவை. முதற்சொல் அதிர்வுள்ள ககரத்தில் தொடங்கி அதிர்வற்ற தகரத்தோடு முடிய, இரண்டாவது சொல்லில் அந்த முறை அப்படியே தலைகீழாகிறது. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கதோ’ என்றுதான் நிற்கும். எழுதியவருக்கே மறுநாள் எது எது என்று விளங்காது.

சொற்பொருளை வேறுபடுத்தும் மிகச் சிறிய ஒலி அலகை மொழியியலார் ஒலியன் என்பர். மரபான கணக்குப்படி பிரெஞ்சில் 36 ஒலியன்கள் உள்ளன. அவற்றில் 16 உயிர்கள், 17 மெய்கள், 3 அரையுயிர்கள். இத்தனை ஒலிகளை 26 ரோமன் எழுத்துகளும் அவற்றின் மேலும் கீழும் இடப்படும் சில குறிகளும் சுமக்க வேண்டியிருக்கிறது. சொல்லின் இறுதியில் வரும் மெய்கள் ஒரு காலத்தில் ஒலித்தவையே. இடைக்காலத்திலும் அதன் பின்னரும் பேச்சில் அவை ஒவ்வொன்றாகத் தேய்ந்து உதிர்ந்தன. எழுத்து மட்டும் பழைய உருவத்தைக் காத்துக்கொண்டது. 1635இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு அகாதெமி 1694இல் தன் முதல் அகராதியை வெளியிட்டபோது, ஒலிக்காத எழுத்துகள் பலவற்றுக்கும் அந்த அகராதி நிலைத்த இடம் தந்தது. இதைக் கேட்டு வியக்க வேண்டிய இடத்தில் தமிழர் இல்லை. ‘போகிறார்கள்’ என்று எழுதிவிட்டுப் ‘போறாங்க’ என்று பேசும் சமூகம், எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே இதே அளவு தொலைவை நாள்தோறும் நடந்து கடக்கிறது. திருச்சுழி என்று ழகரம் இட்டு எழுதும் ஊர்ப்பெயரைத் தென்மாவட்டத்தார் பலர் ளகரத்தால்தான் சொல்கின்றனர். அதனால் எழுத்தை மாற்ற வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. பிரெஞ்சுக்காரர் தம் எழுத்தோடு வாழ்வதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஆங்கிலம் இடையில் புகுவதால் விளையும் சேதத்துக்குத் தகரம் நல்ல சான்று. ஆங்கிலத்தின் ‘டி’ எழுத்தைத் தமிழர் டகரமாகக் கேட்டுப் பழகியவர்கள். அதனால் பிரெஞ்சில் அதே எழுத்தைக் கண்டதும் டகரத்தையே உச்சரிக்கின்றனர். பிரெஞ்சில் அந்த ஒலி நாக்கு பற்களைத் தொட்டுப் பிறப்பது, அதாவது தமிழின் ‘த’ போன்றது. மேலும், ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் ப, க போன்ற ஒலிகளோடு ஒரு மூச்சுக்காற்று சேர்ந்து வெளிப்படும். பிரெஞ்சில் அது இல்லை, தமிழிலும் இல்லை. பிரான்சின் தலைநகரை அந்நாட்டார் சொல்லும் விதம் ‘பாரிஸ்’ என்பதைவிடப் ‘பரி’ என்பதற்கு நெருக்கமானது. அதன் பகரம் அருப்புக்கோட்டைக்காரர் ‘பருத்தி’ என்று சொல்லும்போது வரும் அதே பகரம். லண்டனிலிருந்து பாரிஸுக்குச் செல்பவர் முயன்று விட வேண்டிய பழக்கம் ஒன்று இவரிடம் பிறவியிலேயே இல்லை.

ஆங்கிலத்தின் குறுக்கீடு இன்றி நேரே காதால் கேட்டால் தமிழர் எப்படி எழுதுவர் என்பதற்குப் புதுச்சேரி சான்றாக நிற்கிறது. 1674 முதல் பிரெஞ்சுக்காரர் நிலைகொண்டு, 1954இல் ஆட்சியை விட்டு நீங்கிய அந்நகரில் தெருப்பெயர்கள் இன்றும் ‘துய்மா வீதி’, ‘சுய்ப்ரேன் வீதி’ என்று வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘டூப்ளே’ என்று ஆங்கிலச் சாயலில் இடம்பெறும் ஆளுநர் அங்கே ‘துய்ப்ளேக்ஸ்’ ஆகிறார். தகரம் தகரமாகவே இருக்கிறது. ஆங்கிலேயர் ‘ஊ’ என்று சொல்லிவிட்ட உயிரொலி அதனின்றும் வேறானது என்று உணர்ந்த காது, தன் எழுத்துக்குள் அதைக் காட்ட வழி தேடி ‘உய்’ என்று எழுதியிருக்கிறது. இது முழுத் துல்லியம் ஆகாது. ஆனால் கேட்டவர் சரியாகவே கேட்டிருக்கிறார் என்பதில் ஐயமில்லை.

மறுபக்கத்தில், தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் பதிந்த புதுச்சேரி, காரைக்கால் அலுவலகங்கள் பிரெஞ்சின் ஒலிவிதிகளைப் பெயர்களுக்குள்ளேயே பொதிந்து வைத்தன. முருகன் என்ற பெயரில் ஒவ்வோர் உகரத்துக்கும் ‘ஓ’, ‘யூ’ என இரண்டு எழுத்துகள் இட்டனர். ‘யூ’ மட்டும் இட்டால் அது ‘துய்மா’வில் வரும் ஒலியாகிவிடும். இறுதியில் ஒலிக்காத ‘ஈ’ எழுத்து ஒன்றைச் சேர்த்தனர். சேர்க்காவிட்டால் னகரம் மூக்கில் கரைந்துவிடும். ராமசாமியின் சகரத்துக்கு இரண்டு ‘எஸ்’ இட்டனர். ஒற்றை ‘எஸ்’ இரு உயிர்களுக்கிடையே வந்தால் குரல் அதிர்ந்து வேறொலி ஆகிவிடும். ஒரு குடும்ப அட்டையின் பெயர்வரியிலேயே பிரெஞ்சு உச்சரிப்பின் மூன்று அடிப்படை விதிகளைக் கற்றுவிடலாம்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலும் பிரெஞ்சுச் சுவடு இல்லாமல் இல்லை. 1838 முதல் மீண்டும் இயங்கிய மதுரை மறைப்பணித் தளத்தில் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் வறண்ட ஊர்களில் பணியாற்றினர். மானாமதுரைக்கு அருகே இடைக்காட்டூரில் பெர்தினாந்து செல் அடிகளார் எழுப்பிய திருஇருதய ஆலயம் 1894இல் கட்டப்பட்டது. பிரான்சின் புகழ்பெற்ற பேராலயம் ஒன்றைப் பின்பற்றியதாகச் சொல்லப்படும் இவ்வாலயத்தைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் அந்தப் பிரெஞ்சு நகரின் பெயர் ‘ரீம்ஸ்’ என்று காணப்படுகிறது; இது ஆங்கிலேயர் சொல்லும் விதம். பிரெஞ்சில் அது ‘ரேன்ஸ்’ என்பதற்கு நெருக்கமாக, னகரம் நாக்கைத் தொடாமல் மூக்கில் மட்டும் ஒலிக்கும்படி சொல்லப்படுகிறது. அதே சீமையில் சருகணியில் 1973இல் மறைந்த லூயி மரி என்ற பிரெஞ்சுக் குருவை மக்கள் ‘லெவே அடிகளார்’ என்றே அழைத்தனர். பிரெஞ்சில் எழுதினால் அப்பெயரின் இறுதியில் லகர எழுத்து உண்டு; அது லகரமாக ஒலிப்பதில்லை. எழுத்தைப் பார்க்காமல் ஆளைக் கூப்பிட்ட ஊர்மக்கள் அதைச் சேர்க்கவுமில்லை.

கற்பவர் அதிகம் தடுமாறும் மூக்கொலி உயிர்களுக்கு இங்கே வரலாம். காற்று வாய்வழியாகவும் மூக்குவழியாகவும் ஒரே சமயத்தில் வெளியேறும்போது பிறக்கும் உயிரொலி மூக்கொலி உயிர் எனப்படும். மரபான கணக்கில் பிரெஞ்சில் இவை நான்கு. இன்றைய பாரிஸ் பேச்சில் பெரும்பாலோர் மூன்றோடு நிறுத்திக்கொள்கின்றனர். எழுத்தில் உயிரின் பின்னே ‘என்’ அல்லது ‘எம்’ நிற்பதைக் கண்டு, கற்பவர் அதைத் தனி மெய்யாகவே சொல்லி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவிடுகிறார். இந்த ஒலிகள் தமிழுக்கு முற்றிலும் புதியவை என்று ஆசிரியர்களும் சொல்லிவிடுவதுண்டு. பேச்சுத் தமிழைச் சற்றே கூர்ந்து கேட்டால் உண்மை வேறாக இருக்கிறது. ‘நான் போனேன்’ என்று திருச்சுழிச் சந்தையில் ஒருவர் இயல்பாகச் சொல்லும்போது, இரண்டு சொற்களின் இறுதியிலும் நாக்கு எங்கும் தொடுவதில்லை. உயிரொலியே மூக்கேறி முடிந்துவிடுகிறது. ‘மரம்’ என்பது பேச்சில் உதடு மூடாமல், ‘மரோ’ என்பதன் மூக்கொலி வடிவமாகவே முடிகிறது. காற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் உயிர் ‘நான்’ என்பதன் முடிவுக்கும், திராட்சை மதுவைக் குறிக்கும் சொல்லின் உயிர் ‘போனேன்’ என்பதன் முடிவுக்கும், ‘நல்ல’ என்று பொருள்படும் சொல்லின் உயிர் ‘மரம்’ என்பதன் முடிவுக்கும் அண்டை வீடு. நாவின் நிலையிலும் வாய் திறக்கும் அளவிலும் வேறுபாடு உண்டு. அதைத் திருத்திக்கொள்வது புதிதாக ஒன்றைப் படைப்பதைவிடப் பல மடங்கு எளிது. தென்மாவட்டங்களில் ‘அவன்’ என்பதன் கடைசி அகரம் எகரத்தின் பக்கம் சாய்ந்து மூக்கொலியாக முடிவதால், மது என்ற பொருளுடைய அச்சொல்லுக்கு இன்னும் ஒரு படி நெருங்கிவிடுகிறது.

இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. ‘நல்ல’ என்ற பெயரடை ஆண்பாலில் மூக்கொலி உயிரோடு முடிகிறது. அதன் பெண்பால் வடிவத்தில் உயிர் மூக்கொலியை இழந்து, னகரம் முழு மெய்யாக வெளிப்படுகிறது. நாக்கை ஒட்டிச் சொல்பவர் ஒவ்வொரு முறையும் அறியாமலே பெண்பாலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘மீன்’ என்பதை ‘மீனு’ என்றும் ‘கண்’ என்பதைக் ‘கண்ணு’ என்றும் இறுதியில் உகரம் சேர்த்து முடிக்கும் பேச்சுப் பழக்கமும் உடன் சேர்ந்தால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

தமிழ் இலக்கணத்தில் புணர்ச்சி படித்தவருக்குப் பிரெஞ்சின் ‘லியேஸோன்’ எளிதில் பிடிபட வேண்டியது. தனியே நிற்கும்போது ஒலிக்காத இறுதி மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் உயிர்பெற்று அதனோடு ஒட்டிக்கொள்வதே லியேஸோன். ‘நான்’ என்று தனித்துச் சொல்லும்போது மூக்கில் மறையும் னகரம் ‘நானில்லை’ என்று சேர்த்துச் சொல்லும்போது முழுதாகத் திரும்புவதையும், ‘மரம்’ என்பதில் மூடாத உதடு ‘மரமில்லை’ என்பதில் மூடுவதையும் நினைத்துப் பார்த்தால், ‘என் நண்பன்’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரில் நடப்பது இதுவே என்று தெளியும். தனித்த சொல்லில் வெறும் மூக்கொலியாக இருந்தது, ‘அமி’ என்ற உயிர்முதற் சொல் வந்ததும் னகரமாக வெளிப்பட, ‘மோன்’, ‘அமி’ இரண்டும் ‘மோனமி’ போல ஓடிவிடுகின்றன. மெய்யில் முடியும் சொல்லின்மேல் உயிர் வந்து ஏறும் புணர்ச்சியைப் பள்ளியில் படித்த மாணவர், அதையே இங்கே காணலாம் என்று ஓர் ஆசிரியர் சுட்டிக்காட்டினால் போதும். சொற்களுக்கிடையே இடம் விட்டு எழுதியிருப்பதைக் கண்டு ஒவ்வொன்றாக நிறுத்தி வாசிக்கும் பழக்கம் அப்போது தானே விலகும். விதிவிலக்குகளும் உண்டு. ‘வீரர்கள்’ என்று பொருள்படும் சொல்லின் முதலில் ‘எச்’ எழுத்து இருக்கிறது. அது ஒலிக்காவிட்டாலும் லியேஸோனைத் தடுத்து நிறுத்தும். அதை மீறிச் சேர்த்துச் சொன்னால் வீரர்கள் பூஜ்யங்களாகிவிடுவர்.

உண்மையிலேயே தமிழில் இல்லாத ஒலிகள் சில உண்டு. அவற்றில் முதன்மையானவை முன்நாவும் குவிந்த இதழும் ஒன்றாக இயங்கும் உயிர்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியல் உயிர்களை மூன்றாகப் பகுக்கிறது. வாயைத் திறந்த அளவில் பிறப்பவை அகர ஆகாரம். வாய்திறப்போடு நாவின் விளிம்பு மேற்பல்லைப் பொருந்தப் பிறப்பவை இ, ஈ, எ, ஏ, ஐ. இதழ் குவியப் பிறப்பவை உ, ஊ, ஒ, ஓ, ஔ. இந்தப் பகுப்பில் நாக்கு முன்னே வந்தால் இதழ் குவிவதில்லை. இதழ் குவிந்தால் நாக்கு பின்னே செல்கிறது. பிரெஞ்சு இந்த இரண்டு இயக்கங்களையும் பிரித்து, ஈகாரத்தின் நாவையும் ஊகாரத்தின் இதழையும் ஒருங்கே கேட்கிறது. ‘ஈ’ என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே, நாக்கை இம்மியும் அசைக்காமல், உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்தால் துய்மாவின் உயிர் பிறக்கும். ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஓ’வுக்குக் குவித்தால் ‘இரண்டு’ என்ற எண்ணுப்பெயரின் உயிர் கிடைக்கும். பல நூற்றாண்டுகளாகத் தமிழ் இலக்கணிகள் வகுத்துவைத்த பிறப்பிடக் கல்வி இருக்கும்போது, இந்த ஒலிகளை ஆங்கிலச் சொற்களோடு ஒப்பிட்டு விளக்கும் கைந்நூல்களை நம்ப வேண்டியதில்லை.

இந்த உயிர்களைத் தவறவிட்டால் நேரும் குழப்பம் பயணிக்கு உடனே தெரியவரும். ‘மேலே’ என்பதற்கும் ‘கீழே’ என்பதற்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்கள் இறுதி உயிரில் மட்டுமே வேறுபடுகின்றன. முன்னதில் துய்மாவின் உயிர், பின்னதில் சாதாரண உகரம். தெருவும் சக்கரமும் அப்படியே. ‘2 யூரோ’ என்று கடைக்காரர் சொல்வதும் ‘12 யூரோ’ என்று சொல்வதும் லியேஸோன் காரணமாக முதல் உயிர் ஒன்றைத் தவிர முழுவதும் ஒரே ஒலிகளால் ஆனவை. இரண்டு மணிக்குச் சந்திப்பதா, பன்னிரண்டு மணிக்கா என்ற ஐயமும் இவ்வாறே எழுகிறது. பிரெஞ்சு கற்கும் தமிழருக்கு இந்த ஒரு சோடி உயிர்களைப் பிரித்துக் கேட்கும் பயிற்சியை முதல் வாரத்திலேயே தருவது நன்று.

பேச்சுத் தமிழின் மற்றொரு பழக்கமும் இங்கே குறுக்கிடுகிறது. சொல்லின் முதலில் வரும் எகரம் ‘யெ’ என்றும் ஒகரம் ‘வொ’ என்றும் ஒலிக்கின்றன. ‘எப்போ’ என்பது ‘யெப்போ’ ஆகிறது, ‘ஒண்ணு’ என்பது ‘வொண்ணு’ ஆகிறது. பிரெஞ்சில் தண்ணீரைக் குறிக்கும் சொல் ‘ஓ’ என்ற ஒற்றை உயிர். அதை ‘வோ’ என்று தொடங்கினால் கன்றைக் குறிக்கும் சொல்லின் பக்கம் போய்விடும்.

மெய்களில் வல்லினத்தின் அதிர்வுள்ள, அதிர்வற்ற வடிவங்களைப் பிரிப்பதும், சகர ஒலியை அதிர்வோடு சொல்வதும் தனிக் கவனம் கேட்பவை. குரல்வளைக்குள் இருக்கும் குரல்நாண்கள் துடிப்பதையே அதிர்வு என்கிறோம். தொண்டையில் விரலை வைத்தால் அது தெரியும். மீனுக்கும் பானத்துக்கும் இடையே முதல் மெய்யின் அதிர்வு மட்டுமே வேறுபாடு. மீனுக்கும் நஞ்சுக்கும் இடையே நடுவில் வரும் ஸகரத்தின் அதிர்வு மட்டுமே வேறுபாடு. இங்கேதான் இவ்வட்டாரத்தின் மொழிப்பன்மை கைகொடுக்கிறது. கரிசல் பூமியில் தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். தெலுங்கில் பாடலுக்கும் பாதைக்கும் உரிய சொற்கள் முதல் பகரத்தின் அதிர்வில்தான் பிரிகின்றன. அந்த வீடுகளில் வளர்ந்தவருக்குப் பிரெஞ்சின் இந்த வேறுபாடு சொல்லித்தர வேண்டாதது. தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் திருக்குர்ஆனை ஓதக் கற்கும்போது ‘தஜ்வீத்’ எனும் ஓதல் முறைப்படி ஒவ்வொரு எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று பயில்கின்றனர். அரபியின் அதிர்வுள்ள ஸகரமும், ஃபகரமும், தொண்டையின் மேற்பகுதியில் பிறக்கும் ‘ஃகைன்’ என்ற எழுத்தும் அவர்களுக்குப் பழக்கமானவை. அந்தக் கடைசி எழுத்து பிரெஞ்சு ரகரத்துக்கு மிக நெருக்கமானது. வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பிரெஞ்சுக்கு வேண்டிய ஒலிகள் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன. ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுக்கொள்ளலாம் என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படவில்லை; எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பிரெஞ்சு ரகரம் பற்றி வேண்டாத அச்சம் பரவியிருக்கிறது. உள்நாக்கு தொங்கும் இடத்தை நோக்கி நாவின் பின்பகுதி எழும்பி, இடுக்கு வழியே காற்று உரசி வருவதால் அது பிறக்கிறது. பாரிஸில்கூட இது பழமையானதன்று. மோலியேரின் 1670ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில், செல்வர் ஒருவருக்கு எழுத்தொலிகளைக் கற்பிக்கும் ஆசான் ரகரத்தை நுனிநாக்கு மேலே துடிக்கும் ஒலியாகவே விளக்குகிறார். அதாவது அது தமிழரின் றகரத்துக்கு உறவான ஒலி. பின்புற ரகரம் அதன் பின்னரே தலைநகரில் முழுமையாக வேரூன்றிப் பிற பகுதிகளுக்குப் பரவியது. பிரான்சின் தென்பகுதிக் கிராமத்து முதியவரிடமும், ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் பிரெஞ்சிலும், கியூபெக்கின் மூத்த தலைமுறையிடமும் நுனிநாக்கு ரகரம் கேட்கக்கூடியதே. ஆகையால் அதைத் தமிழ் ரகரமாகச் சொன்னால் புரியாமற்போவதில்லை. பாரிஸ் ஒலியையே விரும்புபவர், ‘மகன்’, ‘பகல்’ போன்ற சொற்களின் இடையில் ககரம் இறுகாமல் உரசலாக வருவதைக் கவனித்து, அந்த உரசலை இன்னும் சற்றுப் பின்னே தள்ளிப் பார்க்கலாம்.

சொல்ல வராததற்குக் காரணம் பல சமயம் கேட்க வராததே. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீஸும் கனடாவில் நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியின் தகரத்துக்கும் டகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் உணர்ந்ததையும், பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அத்திறன் பெரிதும் மங்கியதையும் காட்டியது. ஆங்கிலேயர் இழந்த அந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பிள்ளை இயல்பாகக் காத்துக்கொள்கிறது. அதே குழந்தைப் பருவத்தில் துய்மாவின் உயிரைத் தன் மொழிக்குத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறது. வளர்ந்தவர் காதைத் திரும்பப் பழக்க முடியாதா என்ற கேள்விக்கும் ஓரளவு விடை உண்டு. ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் ரகர, லகர வேறுபாட்டைக் கற்பிக்க 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், பலருடைய குரல்களில், பல சொற்களில் கேட்டுப் பயின்றவர்கள் தெளிவான முன்னேற்றம் கண்டனர். ஒரே ஆசிரியரின் ஒரே குரலைக் கேட்டுப் பழகுவது போதாது என்பதே அதிலிருந்து கிடைக்கும் நடைமுறைச் செய்தி.

எந்த அளவு சுத்தம் வேண்டும் என்பதிலும் தெளிவு தேவை. ஐரோப்பிய மொழிக்கல்விக்கான பொதுச் சட்டகம் 2001இல் வெளிவந்தது. அதன் பிந்தைய துணைநூல் உச்சரிப்பு அளவுகோலைத் திருத்தி, தாய்மொழியாளர்போல் பேசுவதைவிடப் புரியும்படி பேசுவதை மையமாக்கியது. வேற்றுச் சாயல் இருப்பது குற்றமாக எண்ணப்படுவதில்லை. 1879 டிசம்பர் 30 அன்று ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி வீடு இன்று சுந்தர மந்திரமாகப் பேணப்படுகிறது. அங்கே வரும் பிரெஞ்சுக்காரருக்கு ஊர்ப்பெயரின் ழகரமும், குறில் நெடில் வேறுபாடும், ‘பட்டு’ என்பதில் இரட்டிக்கும் டகரமும் இதே அளவு கடினம். அவருடைய மொழியில் தகரம் உண்டே தவிர டகரம் இல்லை. அவர் தட்டுத்தடுமாறி வழி கேட்டால் குண்டாற்றங்கரை ஊரில் எவரும் அவரைத் திருத்திக்கொண்டிருப்பதில்லை, வழியைக் காட்டுகின்றனர்.

புதுச்சேரியில் 1889 முதல் அல்லியான்ஸ் பிரான்சேஸ் இயங்கிவருகிறது. சென்னையிலும் ஒன்று உண்டு. அருப்புக்கோட்டையில் இருப்பவருக்கு இவை தொலைவானவை. பிரெஞ்சு வானொலி நிறுவனமான ஆர்.எஃப்.ஐ. எளிய பிரெஞ்சில் நாள்தோறும் வழங்கும் சுமார் பத்து நிமிடச் செய்தித் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து, எழுத்தைப் பாராமல் பலமுறை கேட்டு, கைப்பேசியில் தம் குரலைப் பதிந்து அதனோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே எழுத்து வடிவத்தைத் திறப்பது நல்ல முறை. மூக்கொலி உயிர்களையும் லியேஸோனையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம், அவை பேச்சுத் தமிழிலிருந்தே கிடைத்துவிடுவதால். அடுத்து இதழ் குவிந்த முன்னுயிர்கள், அதன்பின் அதிர்வுள்ள ஸகரம். ரகரம் கடைசியில் வந்தால் போதும், வராவிட்டாலும் ஆப்பிரிக்காவின் டாக்கார் நகரத்தாரும் கியூபெக்கின் மோன்ரியால் முதியவர்களும் அவரைப் புரிந்துகொள்வார்கள்.